ஒரு ஷாட், இரண்டு பேர்: பழைய படங்களை இயக்குநர், ஒளிப்பதிவாளர் வழியாகப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்தில் காசியில் ஒரு வீடு வரும். நடுவில் முற்றம், அதற்கு மேலே வானம். முற்றத்தில் ஆட்கள் நடமாடுவார்கள். அவர்கள் காலடியில் அழுத்தமான நிழல் எதுவும் விழாது. நாலு பக்கமும் சுவர் சூழ்ந்த ஒரு பழைய வீட்டில் காலை நேரத்து வெளிச்சம் எப்படி இறங்குமோ அப்படியே இருக்கும்.

முதல் முறை பார்த்தபோது, காசியில் ஏதோ ஒரு வீட்டுக்குள் போய்த்தான் எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உண்மையில் அது கல்கத்தாவில் ஒரு ஸ்டூடியோவுக்குள் போட்ட செட். திறந்தவெளியில் போடுவதாகத்தான் திட்டம். மழைக்காலத்துக்குப் பயந்து கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதை உள்ளே கொண்டுவந்துவிட்டார். கேமராமேன் சுப்ரத மித்ரா ஒப்புக்கொள்ளவில்லை. நிழலே விழாத வானத்து வெளிச்சத்தை ஸ்டூடியோ விளக்குகளால் கொண்டுவர முடியாது என்று ராயிடமும் சந்திரகுப்தாவிடமும் வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. கடைசியில் ஒரு சட்டத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, செட்டுக்கு மேலே வானம்போல வைத்தார். விளக்குகளை நடிகர்கள் மேல் அடிக்காமல், கீழிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முற்றம் முழுக்கப் பரவியது. இன்று எந்தப் படப்பிடிப்பிலும் சாதாரணமாகச் செய்யப்படும் பௌன்ஸ் லைட்டிங்கை மித்ரா இப்படித்தான் சொந்தமாகக் கண்டுபிடித்தார்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த முற்றத்தை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. இயக்குநருக்கு ஒரு வீடு தேவை, அது நம்பும்படி இருக்க வேண்டும். அதைச் சாத்தியமாக்கும் வழி கேமராமேனிடம் இருக்கிறது. அல்லது வழியே இல்லாமல் அவர் தேடிக் கண்டுபிடிக்கிறார். நாம் திரையில் பார்க்கும் ஒவ்வொரு ஷாட்டும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த பேச்சின் முடிவு. அந்தப் பேச்சைப் படத்திலிருந்தே எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

சினிமா படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில், கையில் ரிமோட், கொஞ்சம் பொறுமை போதும்.

படி 1: முதலில் திரையைச் சரிசெய்யுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். டிவி தப்பாக இருந்தால் கீழே சொல்லப்போகும் எதுவும் கண்ணில் படாது.

ஒலிப்படங்கள் நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கப்பட்டவை. இன்றைய டிவிகள் பலவற்றில் அந்த ஃப்ரேம்களுக்கு நடுவே டிவியே புது ஃப்ரேம்களை உருவாக்கிச் சேர்க்கும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். ‘மோஷன்’ என்ற சொல் வரும் அமைப்புகளைத் தேடி அணைத்துவிடுங்கள். பழைய படம் டிவி சீரியல்போல வழவழவென்று நகர்ந்தால் அது அணையவில்லை என்று அர்த்தம். பிரகாசமான ‘விவிட்’ பயன்முறையையும் விட்டுவிட்டு ‘சினிமா’ அல்லது ‘மூவி’ பயன்முறைக்கு வாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பு நீலமாகத் தெரிந்தால் அங்கேயே பாதி லைட்டிங் போய்விட்டது.

அடுத்து படச்சட்டத்தின் அளவு, அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். 1950களின் தொடக்கம்வரை பெரும்பாலான ஒலிப்படங்கள் 1.37:1 என்ற, ஏறக்குறைய சதுரமான அளவில் வந்தன. இன்றைய டிவி 1.78:1. ஆகவே படத்தின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரவும் வேண்டும். திரை நிறைய வேண்டும் என்று ஜூம் செய்தால் மேலும் கீழும் வெட்டுப்படும். ‘சிட்டிசன் கேன்’ படத்தில் கூரையைக் காட்டுவதற்காகவே மெனக்கெட்டிருக்கிறார்கள். ஜூம் செய்தால் வெட்டுப்படுவது முதலில் அந்தக் கூரைதான்.

மூன்றாவது, எந்தப் பிரதி என்று பாருங்கள். ‘பாதேர் பாஞ்சாலி’யை முன்பெல்லாம் கோடும் புள்ளியுமான பிரதியில் பார்த்தவர்கள் அதுதான் அந்தப் படத்தின் அழகு என்று நினைத்திருப்பார்கள். 1993இல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீவிபத்தில் அபு என்பவனின் கதையைச் சொல்லும் ராயின் மூன்று படங்களின் (‘பாதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’) நெகட்டிவும் எரிந்து சேதமாயின. மிஞ்சியவற்றை இத்தாலியின் பொலோன்யா நகரத்து லேபில் வருடக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்தார்கள். 2015இல் புதுப்பித்த பிரதிகள் வெளிவந்தன. அந்தப் பிரதியில் பார்த்தால் மித்ராவின் சாம்பல் நிறங்கள் எத்தனை வகை என்பது தெரியும். புதுப்பித்த பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள்.

படி 2: முதல் முறை சும்மா பாருங்கள்

நிறுத்தாமல், குறிப்பு எடுக்காமல், ஒரே மூச்சில். படத்தைப் பற்றி எதையும் படித்துவிட்டு வராதீர்கள். கதைக்குள் போங்கள், அழுகை வந்தால் அழுங்கள். முடிந்ததும் ஒரே ஒரு வேலை: எந்தக் காட்சி உங்களை ஏதோ செய்தது என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். காரணம் எழுத வேண்டாம். அந்தக் காட்சியைத்தான் அடுத்துப் பிரிக்கப்போகிறோம்.

படி 3: சத்தத்தை அணைத்துவிட்டு வெளிச்சத்தைப் பாருங்கள்

நீங்கள் குறித்த காட்சியை மட்டும், ஐந்து பத்து நிமிடம், சத்தமில்லாமல் ஓட விடுங்கள். இசையும் வசனமும் இருக்கும்வரை கண் அவற்றின் பின்னாலேயே ஓடும். அணைத்ததும் கண்ணுக்கு வேறு வேலை இல்லாமல் போகும். அப்போதுதான் வெளிச்சம் தெரியத் தொடங்கும்.

எங்கே பார்ப்பது? மூக்கைப் பாருங்கள். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் முக்கிய விளக்கு இருக்கிறது. நிழல் நேராக மேலுதட்டில் விழுந்தால் விளக்கு தலைக்கு மேலே. நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருந்தால் சின்ன, நேரடியான விளக்கு. ஓரமே தெரியாமல் கரைந்துபோனால் பெரிய ஜன்னலோ துணியோ மேகமோ. அப்புறம் கண்மணியைப் பாருங்கள். அதில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். குளோசப்பில் படத்தை நிறுத்தி அந்தப் புள்ளியின் வடிவத்தைக் கவனித்தால் ஜன்னலா விளக்கா, ஒன்றா இரண்டா என்று சில சமயம் எண்ணிவிடலாம். அந்தப் புள்ளி இல்லாத கண் உயிரில்லாமல் தெரியும். சில படங்களில் அதை வேண்டுமென்றே எடுத்துவிடுகிறார்கள்.

இதற்குச் சிறந்த பாடம் ‘தி காட்ஃபாதர்’ (1972). இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா, கேமராமேன் கார்டன் வில்லிஸ். முதல் காட்சியில் இருட்டில் ஒருவர் முகம் மட்டும் தெரியும். தன் மகளுக்கு நேர்ந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பார். காட்சி மெல்ல மெல்லப் பின்வாங்கி, எதிரே உட்கார்ந்திருப்பவரின் தோளைக் காட்டும். அந்த அறையில் விளக்கு தலைக்கு மேலேதான். எதிரே உட்கார்ந்திருக்கும் மார்லன் பிராண்டோவின் வயோதிக மேக்கப்புக்குப் பொருந்தும்படி வில்லிஸ் தேர்ந்தெடுத்த வெளிச்சம் அது. அதனால் புருவத்துக்குக் கீழே இரண்டு குழிகளாக இருட்டு நிற்கிறது, கண் தெரிவதில்லை. ஹாலிவுட்டில் அதுவரை நட்சத்திரத்தின் கண் தெரிந்தே ஆக வேண்டும் என்பது எழுதாத சட்டம். கண் தெரியாததால் இந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்பது எதிரில் இருப்பவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அப்படியே வெளியே கல்யாணத்துக்கு வெட்டுகிறார்கள். கண்ணைக் கூசும் வெயில். உள்ளே ஒரு உலகம், வெளியே ஒரு உலகம் என்று யாரும் வசனத்தில் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

இந்த ஒரு படத்தின் முதல் அரைமணி நேரத்தைச் சத்தமில்லாமல் பார்த்தால், மூக்கு நிழலும் கண்மணிப் புள்ளியும் பழகிவிடும்.

படி 4: கேமரா நின்ற இடத்தை வரையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நோட்டில் ஒரு பெட்டி வரையுங்கள். அதுதான் அறை, மேலிருந்து பார்ப்பதுபோல. ஜன்னல், கதவு, மேசை எங்கே என்று குறியுங்கள். ஆட்களுக்கு வட்டம். கேமராவுக்கு ஒரு முக்கோணம். யாராவது நகர்ந்தால் அம்புக்குறி. ஓவியம் வரத் தேவையில்லை, என் நோட்டில் எல்லாம் கோழி கிளறியதுபோலத்தான் இருக்கும்.

இப்போது ‘சிட்டிசன் கேன்’ (1941). இயக்குநர் ஆர்சன் வெல்ஸ், கேமராமேன் கிரெக் டோலண்ட். சிறுவன் சார்லஸ் கேனை வேறொருவர் பொறுப்பில் ஒப்படைக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பனியில் பையன் விளையாடுகிறான். கேமரா பின்வாங்குகிறது, அது வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிகிறது. ஜன்னலோரம் அம்மா. கேமரா இன்னும் பின்னால் வருகிறது, அம்மா கூடவே நடந்து வந்து மேசை முன் உட்காருகிறார். பக்கத்தில் வங்கிக்காரர் தாச்சர், பத்திரங்களோடு. அப்பா இடது பக்கம், கொஞ்சம் தள்ளி, முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறார். இவர்கள் எல்லோருக்கும் பின்னால், நடுவில், அந்த ஜன்னல் சட்டத்துக்குள் பையன் பனியில் ஓடியாடுவது துல்லியமாகத் தெரிகிறது. இதுவரை ஒரு வெட்டுகூட இல்லை.

வரைந்து பார்த்தால் என்ன தெரியும்? கேமராவுக்கு மிக அருகில் இருப்பவர்கள் முடிவெடுக்கும் இருவர்: அம்மாவும் வங்கிக்காரரும். முடிவில் பங்கில்லாத அப்பா இவர்களுக்கும் பையனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார். யாருடைய வாழ்க்கை கைமாறுகிறதோ அவன் எல்லோரையும்விடச் சின்னதாக, தூரத்தில், எதுவும் தெரியாமல். இதைச் சாதாரணமாக எடுத்தால் மேசை, அப்பா, பையன் என்று மூன்று ஷாட்டாக வெட்டியிருப்பார்கள். வெட்டியிருந்தால் பையனின் விளையாட்டும் கையெழுத்தும் ஒரே நொடியில் நடக்கின்றன என்ற வலி நம்மைத் தாக்கியிருக்காது. பார்த்து முடித்ததும் சத்தத்தை மறுபடி போட்டுக் கேளுங்கள். உள்ளே பேச்சு நடக்க நடக்க, வெளியிலிருந்து பையனின் கூச்சல் மெலிதாக வந்துகொண்டிருக்கும்.

இதில் யார் பங்கு எது? வெல்ஸ் நாடக மேடையிலிருந்தும் வானொலியிலிருந்தும் வந்தவர், அப்போது 25 வயது. மேடையில் வெட்டு கிடையாது, எல்லோரும் ஒரே நேரத்தில் கண்முன் நிற்பார்கள். அந்தப் பழக்கத்தோடு வந்தார். ஆனால் முன்னால் இருப்பவரும் இருபதடி தள்ளி இருப்பவரும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரிய லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்க வேண்டும். துளை சின்னதானால் வெளிச்சம் போதாது. டோலண்ட் அதிவேக ஃபிலிமையும், சக்திவாய்ந்த ஆர்க் விளக்குகளையும், பூச்சுப் பூசிய லென்ஸ்களையும், வைட் லென்ஸையும் ஒன்றுசேர்த்து இதைச் சமாளித்தார். டீப் ஃபோகஸ் என்று இதைத்தான் சொல்கிறார்கள். கூரை தெரிய வேண்டும் என்றபோது கூரைக்குப் பதிலாக மெல்லிய துணியைக் கட்டி, மைக்கை அதற்கு மேலே மறைத்தார்கள். படத்தின் டைட்டிலில் வெல்ஸ் தன் பெயரையும் டோலண்டின் பெயரையும் ஒரே அட்டையில் போட்டார். அந்தக் காலத்தில் ஒரு கேமராமேனுக்கு அப்படி ஒரு மரியாதை அபூர்வம்.

உயரத்தையும் குறியுங்கள். ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) படத்தில் கேமரா பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணைவிடவும் தாழ்வாக இருக்கும். ஏறக்குறைய நகராது. ஓசுவும் அவருடைய வழக்கமான கேமராமேன் யூஹாரு அட்சுதாவும் 50 எம்எம் லென்ஸையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். இவ்வளவு அடங்கிய கேமரா, ஒரு வயதான அம்மா எழுந்து நடப்பதையே ஒரு நிகழ்ச்சியாக்கிவிடுகிறது.

படி 5: கேமராமேனை மாற்றாமல் இயக்குநரை மாற்றுங்கள்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இது இயக்குநர் வேலை, இது கேமராமேன் வேலை என்று பிரிக்கப் பார்த்தால் ஊகம்தான் மிஞ்சும். ஒருவரை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவரை மாற்றினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதற்கு ஜப்பானியக் கேமராமேன் கசுவோ மியாகவாவைவிட நல்ல ஆள் கிடையாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று மேதைகளோடு அவர் வேலை செய்திருக்கிறார். ஒரு வாரத்துக்கு ஒன்றாக இந்த மூன்று படங்களையும் பாருங்கள்.

முதலில் அகிரா குரோசவாவின் ‘ரஷோமோன்’ (1950). விறகுவெட்டி காட்டுக்குள் நடந்து போகும் காட்சியில் கேமரா அவருக்கு முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் ஓடுகிறது. இலைகளுக்கு நடுவே சூரியன் நேராக லென்ஸுக்குள் பாய்கிறது. சூரியனை நேராகப் படமெடுக்க அப்போது பெரும்பாலோர் துணியமாட்டார்கள். அடர்ந்த காட்டில் வெளிச்சம் போதாமல் மியாகவா பெரிய கண்ணாடிகளை வைத்து வெயிலைத் திருப்பி நடிகர்கள்மேல் விழச் செய்தார். இலைநிழல் முகத்தில் ஆடுவதைப் பாருங்கள். பாழடைந்த நகரவாசலில் கொட்டும் மழை, சாம்பல் வானத்தின் முன்னால் கேமராவில் தெரியவில்லை என்பதற்காகத் தண்ணீரில் கறுப்பு மை கலந்திருக்கிறார்கள்.

அடுத்து கென்ஜி மிசோகுச்சியின் ‘உகெட்சு’ (1953). அதே மியாகவா, ஆனால் இங்கே வெயில் இல்லை, ஓட்டம் இல்லை. கேமரா கிரேனில் மிதந்து ஆட்களைப் பின்தொடர்கிறது. கடைசிப் பகுதியில் குயவன் ஊர் திரும்பி வீட்டுக்குள் நுழைகிறான். வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. அவன் பின்வாசல் வழியாக வெளியே போய் வீட்டைச் சுற்றிவர, கேமரா உள்ளேயே இருந்தபடி அவனைத் தொடர்ந்து திரும்புகிறது. அவன் மறுபடி முன்வாசலுக்கு வரும்போது, சற்றுமுன் வெறுமையாக இருந்த இடத்தில் அடுப்பு எரிகிறது, மனைவி உட்கார்ந்திருக்கிறாள். வெட்டு இல்லை. வெட்டியிருந்தால் அது ஒரு தந்திரமாகப் போயிருக்கும். ஒரே ஷாட்டில் வருவதால் நாமும் அவனைப்போலவே நம்பிவிடுகிறோம். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மூன்றாவது, ஓசுவின் ‘ஃப்ளோட்டிங் வீட்ஸ்’ (1959). ஓசு தன் வழக்கமான கம்பெனியை விட்டு வேறொரு கம்பெனிக்காக எடுத்த படம், ஆகவே அட்சுதா இல்லாமல் மியாகவா. வண்ணப்படம். கிரேன் கிடையாது, ஓட்டம் கிடையாது. தெருவின் ஒரு பக்கத் தாழ்வாரத்தில் ஒருவர், எதிர்ப்பக்கத் தாழ்வாரத்தில் ஒருத்தி, நடுவில் அடைமழை. இருவரும் அந்த மழைக்கு மேலாக ஒருவரையொருவர் ஏசுகிறார்கள். கேமரா அசைவதில்லை, மழைதான் அசைகிறது.

மூன்றையும் பார்த்த பிறகு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். மாறியது எது? கேமராவின் ஓட்டம், உயரம், ஷாட்டின் நீளம். இவை பெரும்பாலும் இயக்குநரோடு வந்தவை. மாறாதது எது? இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும் படிகளின் செழுமை. மழை, மூட்டம், இலை, ஈரமண் ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்கலாம்போலக் காட்டும் அக்கறை. ‘ரஷோமோன்’ மழையையும் ‘ஃப்ளோட்டிங் வீட்ஸ்’ மழையையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே கையின் மழை.

டோலண்டையும் இப்படிப் பின்தொடரலாம். ஜான் ஃபோர்டின் ‘தி லாங் வாயேஜ் ஹோம்’ (1940), அப்புறம் கேன், அப்புறம் வில்லியம் வைலரின் ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ (1946). கடைசிப் படத்தில் முன்னால் பியானோ வாசிப்பு நடக்கும். வெகுதூரத்தில் டெலிபோன் பூத்தில் ஒருவன் தன் காதலை முறித்துக்கொண்டிருப்பான். கேனில் கண்ணைப் பறித்த அதே டீப் ஃபோகஸ் வைலரிடம் எவ்வளவு அமைதியாகிவிடுகிறது என்பதைப் பாருங்கள்.

படி 6: இப்போது இயக்குநரை வைத்துக்கொண்டு கேமராமேனை மாற்றுங்கள்

ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மனின் 1950களின் படங்களில் பலவற்றை எடுத்தவர் குன்னார் ஃபிஷர். 1960 முதல் அந்த இடத்துக்கு ஸ்வென் நிக்விஸ்ட் வந்தார். ஃபிஷர் எடுத்த ‘தி செவன்த் சீல்’ (1957) படத்தில் கறுப்பு கறுப்பாக, வெள்ளை வெள்ளையாக இருக்கும். மனித உருவில் வரும் மரணத்தின் முகம் சுண்ணாம்பில் செதுக்கியதுபோலத் தெரியும். கடைசியில் குன்றின்மேல் கைகோத்துப் போகும் நிழலுருவங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அன்றைய படப்பிடிப்பு முடிந்து சில நடிகர்கள் கிளம்பிவிட்ட பிறகு, வானத்தில் ஒரு மேகம் திரண்டதைப் பார்த்து, அங்கே இருந்தவர்களுக்கே உடைகளை மாட்டிவிட்டு அவசரமாக எடுத்த ஷாட் அது.

பிறகு நிக்விஸ்ட் எடுத்த ‘விண்டர் லைட்’ (1963) பாருங்கள். பெரும்பகுதி தேவாலயத்துக்குள். எடுப்பதற்கு முன் இருவரும் குளிர்காலத்தில் ஸ்வீடனின் வடபகுதித் தேவாலயங்களில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று மட்டும் கவனித்தார்கள். மேகமூட்டமான நாளில் நிழலே விழாது என்று கண்டார்கள். அதை அப்படியே செட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மித்ராவின் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரையொருவர் பார்க்காமலே இரண்டு பேர் ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். ஃபிஷரின் வெளிச்சத்தில் பெர்க்மனின் மனிதர்கள் கடவுளோடு மேடையேறி வழக்காடுகிறார்கள். நிக்விஸ்டின் வெளிச்சத்தில் அதே கேள்வி ஒரு முகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ‘பெர்சோனா’ (1966) வரை வந்தால் அந்த முகம் தவிர வேறெதுவும் தேவையில்லை என்ற இடத்துக்கே போய்விடுகிறார்கள்.

தமிழிலும் இதைச் செய்து பார்க்கலாம். மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) பாலு மகேந்திரா எடுத்தது; ‘உதிரிப்பூக்கள்’ (1979) அசோக்குமார் எடுத்தது. குறைந்த வசனம், முகத்தை நம்பும் குணம் இரண்டிலும் மகேந்திரனுடையவை. இரண்டிலும் ஒரே மாதிரியான காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உதாரணமாக வீட்டு வாசலில் இருவர் பேசுவதை, மூக்கு நிழல் பயிற்சியைச் செய்யுங்கள். விடை என்ன என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்களே கண்டுபிடிப்பதில் இருக்கும் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை.

படி 7: அவர்களால் முடியாதது எது என்று கேளுங்கள்

ஒரு ஷாட் பிரமாதமாக இருந்தால் ‘எப்படி எடுத்தார்கள்’ என்பதோடு ‘எது தடுத்தது’ என்றும் கேளுங்கள். அழகு பல சமயம் தடையைச் சுற்றிப்போன வழியில்தான் கிடைத்திருக்கும்.

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘பேரி லிண்டன்’ (1975) மெழுகுவத்திக் காட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகுவத்தி வெளிச்சம் ஃபிலிமுக்குப் போதாது. நாசாவுக்காக ஸைஸ் கம்பெனி செய்த 50 எம்எம், எஃப் 0.7 லென்ஸைக் கேமராவில் பொருத்தி, கேமராமேன் ஜான் அல்காட் அதில் எடுத்தார். அவ்வளவு பெரிய துளை என்றால் ஃபோகஸ் ஒரு கோடுபோல மெலிந்துவிடும்; நடிகர் சற்று முன்னால் சாய்ந்தாலே முகம் கலங்கிவிடும். அதனால்தான் அந்தக் காட்சிகளில் எல்லோரும் ஓவியத்தில் உறைந்தவர்கள்போல உட்கார்ந்திருக்கிறார்கள். அது அந்தக் கதைக்கு எவ்வளவு பொருந்திப் போகிறது என்று பாருங்கள்.

குரு தத்தின் ‘காகஸ் கே ஃபூல்’ (1959) இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். வெறும் ஸ்டூடியோவில் இருவர் எதிரெதிரே நிற்க, மேலிருந்து தூண்போல ஒரு வெளிச்சம் இறங்கும். ஸ்டூடியோ விளக்குகளால் அப்படி இணையாக ஓடும் கற்றை கிடைக்காது. கேமராமேன் வி.கே. மூர்த்தி வெளியே பெரிய கண்ணாடி வைத்து வெயிலைப் பிடித்து, உள்ளே இன்னொரு கண்ணாடியில் வாங்கித் திருப்பினார். உண்மையான சூரியன் அது. படம் அன்று ஓடவில்லை. அந்த வெளிச்சத்தை மட்டும் எவராலும் மறக்க முடியவில்லை.

டெரன்ஸ் மாலிக்கின் ‘டேஸ் ஆஃப் ஹெவன்’ (1978) இன்னொரு வகை. சூரியன் மறைந்தபின் வரும் சில நிமிட வெளிச்சத்திலேயே பெரும்பகுதி எடுக்க வேண்டும் என்பது முடிவு. கேமராமேன் நெஸ்டர் அல்மெண்ட்ரோஸ். நாள் முழுக்கக் காத்திருந்து இருபது நிமிடம் வேலை.

படி 8: நோட்டில் என்ன எழுதுவது, எதைத் தவிர்ப்பது

படத்துக்கு மூன்று குறிப்பு போதும். ஒரு ஷாட்டின் வரைபடம். வெளிச்சம் எங்கிருந்து, கடினமா மென்மையா. இந்த ஷாட்டை வேறு மாதிரி எடுத்திருந்தால் என்ன போயிருக்கும். மூன்றாவதுதான் கடினம். அதற்குப் பதில் கிடைக்கும் நாளில் படம் உங்களுக்குச் சொந்தமாகிவிடும்.

பேட்டிகளையும் நூல்களையும் இதற்குப் பிறகு படியுங்கள், முன்பு வேண்டாம். கேமராமேன்கள் வேலையைப் பற்றிப் பேசுவதைக் கேட்க ‘விஷன்ஸ் ஆஃப் லைட்’ (1992) என்ற ஆவணப்படம் நல்ல தொடக்கம்.

இரண்டு தவறுகளை நானே பல வருடம் செய்திருக்கிறேன். ஒன்று, நிறுத்திச் சுவரில் மாட்டலாம்போல இருக்கும் ஃப்ரேம்தான் நல்ல ஒளிப்பதிவு என்று நினைத்தது. ஓசுவின் ஒரு ஃப்ரேமைத் தனியாகப் பார்த்தால் சாதாரண அறை. முன்னும் பின்னும் வரும் ஷாட்டோடு சேரும்போதுதான் அது பேசுகிறது. இன்னொன்று, எல்லாவற்றையும் இந்த இரண்டு பேர் கணக்கிலேயே எழுதியது. பன்சி சந்திரகுப்தாவின் சுவர்கள் இல்லாமல் மித்ராவின் வெளிச்சம் விழ இடம் ஏது? சுவரின் நிறம், உடையின் துணி, லேபின் கை, எடிட்டரின் கத்தரி எல்லாம் அந்த ஷாட்டில் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் டைட்டிலை மறுபடி ஓட்டிப் பெயர்களைப் படியுங்கள்.

படி 9: இரண்டு பேரும் ஒருவரே ஆகும்போது

இதுவரை செய்த பயிற்சி கைவந்த பிறகு, கடைசியாக பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்துக்கு வாருங்கள். இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் மூன்றும் அவரே. இயக்குநர் கேட்பதும் கேமராமேன் மறுப்பதும் ஒரே தலைக்குள் நடந்திருக்கின்றன.

தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டி நிற்கும் வீட்டைப் பார்க்கத் தனியாக வரும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வசனம் கிடையாது. பூசாத சுவர்கள், கதவு மாட்டாத வாசல்கள், கூரை வழியாகவும் ஜன்னல் இடங்கள் வழியாகவும் வரும் பகல். முதல் முறை இளையராஜாவின் இசையோடு பாருங்கள். அடுத்து சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு பெட்டியை வரையுங்கள்: அவர் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறார், கேமரா எங்கே அவருக்கு முன்னால் போய்க் காத்திருக்கிறது, எங்கே பின்னால் நின்று அவரைத் தனியாக விடுகிறது, சுவரில் கை வைக்கும்போது வெளிச்சம் கையின் எந்தப் பக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் போதாது, இரண்டு பக்கமாவது வேண்டியிருக்கும்.